பூக்கிண்ணத்தில் கொழுகொழு

நோன்பு தொடங்கி ஒரு கிழமைக்கு மேலாகியும் கீழ்வீட்டுக் கஞ்சி மேலே வரவில்லை. இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது? ஒரு கோப்பைக் கஞ்சிக்கா இந்தப் பாடு என்று கேட்பவர்கள் சிரிப்பார்கள். கொன்ஸ்ரன்ஸுக்குக் கவலை கஞ்சியைப் பற்றியதல்ல. கஞ்சி நின்றால் அடுத்ததாக வீடும் போகும் என்று அவள் மனதுக்குள் முடிவே கட்டிவிட்டாள்.

வீடு என்று அவள் சொன்னது கொட்டாஞ்சேனையில் ஒரு மாடிவீட்டின் மேல்தட்டை. லூசியாள் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் மாறி மாறிக் கேட்கிற ஒழுங்கை அது. மேலே கொன்ஸ்ரன்ஸ், துறைமுகத்தில் கிளார்க்காக இருக்கும் புருஷன் கிளெமென்ற், ஏழு வயது டிலானி, ஐந்து வயது மெல்வின். கீழே வீட்டுக்காரி உம்மு குல்தூம், புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருக்கும் அவள் புருஷன் அலவி, பிள்ளைகள் ஸாலிஹும் பீபியும். உம்மு குல்தூமுக்குக் கொன்ஸ்ரன்ஸை விட நாலைந்து வயதுதான் கூட. ஆனாலும் அந்த வீட்டார் கூடப்பிறந்த அக்காவைக் கூப்பிடுகிற மாதிரி 'ராத்தா' என்றுதான் கொன்ஸ்ரன்ஸும் கூப்பிடுவாள், அலவியை அண்ணன் முறையில் 'நானா' என்பாள்.

ஒவ்வொரு வருஷமும் முதல் நோன்பன்று பின்னேரம் ராத்தா படியடியில் நின்று "கொன்ஸீ" என்று ஒரு சத்தம் வைப்பாள். தேங்காய்ப்பால் மணக்கிற கஞ்சியும், சுடச்சுட நாலு பற்றிஸும், நடுங்கி நடுங்கி நிற்கிற ரோஸ் நிறக் கடற்பாசி ஜெலியும் படியேறி வரும். நத்தார் பண்டிகைக்குக் கேக்கும் கொக்கிஸ் பலகாரமும் படியிறங்கிப் போகும். வந்த பாத்திரம் எதுவும் வெறும் பாத்திரமாகத் திரும்பிப் போகாது, அது இரண்டு வீட்டுக்கும் எழுதாத சட்டம்.

இந்த வருஷம் சத்தமும் இல்லை, கஞ்சியும் இல்லை. ஜூலை மாதம் கிளெமென்றின் தம்பி வலன்ரைன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இவர்களோடு தங்கினான். அவன் தங்கியிருந்தபோது பொலிஸ் இரண்டு தரம் வந்து, கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்து, அரிசி வாளிக்குள்ளும் கைவிட்டுப் பார்த்துவிட்டுப் போனது. அவன் போனதிலிருந்து ராத்தா படியடியில் நின்று கதைப்பதை விட்டுவிட்டாள். போதாததற்கு, போன வியாழக்கிழமை அலவி நானா ஒரு வீட்டுத் தரகரைக் கூட்டிவந்து முற்றத்தில் நிறுத்தி, மேல்மாடியைக் கைகாட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததைக் கொன்ஸ்ரன்ஸ் ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். பார்த்துவிட்டுச் சீலையை இழுத்து மூடினாள்.

பயப்படாமல் என்ன செய்வாள்? வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழ் ஆட்களை விடியக்காலமே எழுப்பி பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய வருஷம் அது. தமிழ்ப் பெயரைச் சொல்லி வாடகைக்கு வீடு கேட்டால், கேட்ட நிமிஷமே அந்த வீடு 'இப்பத்தான் குடுத்தாச்சு' ஆகிவிடும். இந்த வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கிளெமென்றுக்கும் தெரியும், ஆனால் அவன் அதை கெரம் ஆடுகிற கிளப்பில் போய் மறந்துவிடுவான்.

பெரியவர்களின் கோபதாபம் ஒன்றும் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நோன்பு லீவென்று ஸாலிஹும் பீபியும் பின்னேரமானால் மேலே ஓடிவந்துவிடுவார்கள். பிறகு நாலும் சேர்ந்து குதிக்கிற குதியில் நிலம் அதிரும். கீழே உம்மு குல்தூம் பசியோடு, தலையிடியோடு, கொஞ்சம் கண்ணயரலாமென்று படுத்திருக்கிற நேரம். வெள்ளிக்கிழமை அவள் முற்றத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனாள். ஏசியிருந்தால்கூடக் கொன்ஸ்ரன்ஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிரவே அவள் இரண்டு காரியங்களைத் தீர்மானித்தாள். ஒன்று, போன பெருநாளுக்கு வட்டிலப்பமும் பலூடாவும் வந்த இரண்டு பூப்போட்ட கண்ணாடிக் கிண்ணங்கள் இன்னும் தன்னிடமே கிடந்தன. அதில் ஒன்றையாவது நல்ல பிஸ்கட் புடிங் நிறையத் திருப்பிக் கொடுப்பது. மற்றது, இந்த நாலு குரங்குகளையும் சத்தமில்லாமல் ஓரிடத்தில் உட்கார வைப்பது.

இரண்டாவதுக்கு அவளிடம் ஒரு மந்திரம் இருந்தது. கலியாணத்துக்கு முன் அவள் வெள்ளவத்தையில் ஒரு மொன்ரிசூரியில் படிப்பித்தவள். அங்கே பிள்ளைகளுக்குத் தொட்டும் பிசைந்தும் பழக மணல், மா, களிமண் என்று கொடுப்பார்கள். ஒருநாள் பெரிய ரீச்சர் ஸ்லைம் என்று ஒன்றைச் செய்து காட்டினார். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும், கையில் குளிரும், ஆனால் கையில் ஒட்டாது. வகுப்பு முழுக்க ஒரு மணித்தியாலம் மூச்சுக்காட்டாமல் இருந்ததைக் கொன்ஸ்ரன்ஸ் தன் கண்ணால் கண்டவள்.

கண்டாளே தவிர, அதில் என்ன போட்டார்கள் என்பதைச் சரியாகக் கவனிக்கவில்லை. வெள்ளை கம் போட்டது நினைவிருந்தது. ஏதோ வெள்ளைத் தூள் போட்டதும் நினைவிருந்தது. சனிக்கிழமை காலையில் கிளெமென்ற் வேலைக்குப் போனதும், புடிங்கைச் செய்து ஒரு பூக்கிண்ணத்தில் ஊற்றி, மணி கோத்த வலைத்துணியால் மூடி பிரிட்ஜுக்குள் வைத்தாள். பிறகு தச்சுவேலைக்காரர் பாவிக்கிற பைண்டர் கம் ஒரு போத்தலும் வாங்கி வந்து, தூளுக்குப் பதிலாகக் கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சி ஊற்றிப் பார்த்தாள். வந்தது போஸ்டர் ஒட்டுகிற பசை. மெல்வின் அதில் ஒரு பிடி அள்ளித் தலையில் தேய்த்துக்கொண்டான்.

அடுத்து மருந்து விற்கிற பாமஸிக்குப் போனாள். வெள்ளைத் தூள், தண்ணீரில் கரையும், கம்மை இறுக்கும், பெயர் போ என்று தொடங்கும் என்று சொன்னாள். கவுண்டரில் நின்ற பையன் அவள் நெற்றியைப் பார்த்தான், கைப்பையைப் பார்த்தான், "மொகடத மிஸ்?" என்று எதற்கென்று சிங்களத்தில் கேட்டான். பிள்ளைகளுக்கு விளையாட என்று அவளும் சிங்களத்தில் சொன்னாள். அவன் முகத்தில் ஏறிய கலவரத்தைப் பார்த்ததும் கொன்ஸ்ரன்ஸுக்கு விஷயம் விளங்கிவிட்டது. குண்டு வெடிக்கிற ஊரில் ஒரு தமிழ்ப் பொம்பிளை பெயர் தெரியாத தூள் கேட்டுக்கொண்டு நிற்கக்கூடாது. ஒரு பனடோல் மாத்திரைக் காட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

படியேறும்போதுதான் அவளுக்குப் பளிச்சென்று நினைவு வந்தது. போரிக்! கிளெமென்ற் கெரம் போட்டில் தூவுகிற பவுடர் போரிக் பவுடர்தானே. அலுமாரிக்கு மேலே, பழைய தகரப் பேணியொன்றில், பிள்ளைகளுக்கு எட்டாமலும் பெண்சாதிக்குத் தெரியாமலும் அவன் ஒளித்து வைத்திருப்பது. பெண்சாதிக்குத் தெரியாமல் என்பது அவன் நம்பிக்கை மட்டுமே. கெரம் பவுடரோடு அப்பச்சோடாவும் கொஞ்சம் சேர்த்தால்தான் வேலை செய்யும் என்று பெரிய ரீச்சர் சொன்னதும் அடுத்த படியில் நினைவு வந்தது.

பின்னேரம் நாலு பேரையும் சமையலறை நிலத்தில் பழைய பேப்பர் விரித்து உட்காரவைத்தாள்.

"கேளுங்கோ. இது சாப்பாடில்ல. வாயில வைக்கக் கூடாது, கண்ணில தேய்க்கக் கூடாது, முடிஞ்சதும் சவுக்காரம் போட்டுக் கை கழுவோணும். சரியோ?"

"ஆன்ரி, இதத் தொட்டா நோன்பு முறியுமா?" என்று ஸாலிஹ் கேட்டான். அவனுக்கு எட்டு வயது. இதுவரை மத்தியானத்தோடு முடிகிற அரை நோன்புதான் பிடித்திருக்கிறான், இன்றைக்கு முழு நோன்பு பிடிக்கிறேன் என்று சபதம் போட்டிருந்தான்.

"வாயில வைக்காட்டி முறியாது மகன்."

மற்றப் பூக்கிண்ணத்தில் கம்மை ஊற்றி அதே அளவு தண்ணீர் விட்டாள். டிலானிக்கு நிறம் வேண்டுமாம். சிவப்புக் கலரிங் ஒரு துளி விழுந்ததும் வெள்ளை கம் ரோஸாகச் சிரித்தது. கம் மணம் கூடாதென்று பீபி மூக்கைப் பொத்தினாள். அதற்கு ரோஸ் எசன்ஸ் விட்டாள். விரலில் நறுநறுவென்று ஏதாவது தட்டுப்பட்டால் நல்லாயிருக்கும் என்று ஸாலிஹ் யோசனை சொன்னான். கொன்ஸ்ரன்ஸுக்கு உள்ளேயிருந்த மொன்ரிசூரி ரீச்சர் துள்ளி எழுந்துவிட்டாள். பலூடாவுக்குப் போடுகிற கசகசாவை ஊறவைத்து அதையும் கொட்டினாள்.

பிறகு ஒரு கோப்பைச் சுடுதண்ணீரில் கெரம் பவுடரைக் கரைத்து, அப்பச்சோடாவைப் போட்டாள். கோப்பை உஸ்ஸென்று நுரைத்தது. நாலு தலைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு குனிந்தன. அந்தத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கிண்ணத்தில் விட்டுக் கிளறினாள். முதல் கரண்டிக்கு ஒன்றுமில்லை. அடுத்ததுக்கும் ஒன்றுமில்லை. இதுவும் போஸ்டர் பசைதான் என்று அவள் மனம் விட்டுப்போகிற நேரத்தில், வழிந்து கிடந்த கம் சடாரென்று இழுபட்டு, நூல் நூலாகச் சேர்ந்து, கரண்டியைச் சுற்றிக்கொண்டது.

"அம்மா, அது கரண்டிய விடுதில்ல!" என்று மெல்வின் கத்தினான்.

கையால் அள்ளிப் பிசைந்தாள். முதலில் ஒட்டியது, பிறகு ஒட்டுவதை மறந்தது. குளிர்ந்து, வழுக்கி, விரல் இடுக்கால் மெல்ல மெல்ல இறங்கி, உள்ளங்கையில் குந்திக்கொண்டது. கொன்ஸ்ரன்ஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் ஏறியிருந்த பாரம் அந்தக் குளிரோடு கொஞ்சம் இறங்கியதுபோல இருந்தது. பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் தானே இன்னும் கொஞ்ச நேரம் பிசைந்தாள்.

"அம்மா, நீங்க மட்டும் விளையாடுறீங்க" என்று டிலானி சொன்ன பிறகுதான் வெட்கம் வந்து நாலாகப் பிரித்துக் கொடுத்தாள்.

மெல்வின் தன் பங்கை மேசைக் காலில் சுற்றினான். ஸாலிஹ் அதைக் கொடி மாதிரி நீளமாக இழுத்து, அறுகிறதா என்று பார்த்தான். அறுந்தால் பந்தாக்கித் திரும்ப இழுத்தான். டிலானி ஒரு கோப்பைக்குள் அடைத்து விரலால் குத்த, அது புர்ரென்று மரியாதையில்லாத ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், நாலும் வாயைப் பொத்திக்கொண்டு உருண்டன. கை அழுக்கானால் அழுகிற பீபி மட்டும் ஒற்றை விரலால் தொட்டு, விரலை எடுத்துப் பார்த்து, ஒன்றும் ஒட்டவில்லை என்று கண்டதும் இரண்டு கையையும் முழங்கை வரை விட்டாள். அதற்குக் கொழுகொழு என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

வீடு அப்படியே அடங்கிப் போயிற்று. கீழே ராத்தா நித்திரையாகியிருப்பாள். கொன்ஸ்ரன்ஸ் தன்னைத் தானே மெச்சிக்கொண்டாள். நோன்பு திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றானதும் ஸாலிஹும் பீபியும் கை கழுவி, குளித்துப் புதுச்சட்டை போட வேண்டுமென்று கீழே ஓடினார்கள். டிலானி நாலு பங்கையும் திரட்டிப் பூக்கிண்ணத்தில் போட்டு, அது பரவி மட்டமாகிறவரை பக்கத்திலேயே இருந்தாள். கொழுகொழுவுக்கும் நித்திரை வரும் என்று அவளுக்குத் தோன்றியது. இன்னொரு வலைத்துணியைத் தேடி எடுத்து, அம்மா மூடுகிற மாதிரியே வடிவாக மூடி, மேசையில் வைத்தாள். இது ஒன்றும் கொன்ஸ்ரன்ஸுக்குத் தெரியாது. அவள் குளியலறையில் மெல்வினின் தலையிலிருந்து பசையும் கொழுகொழுவும் கலந்த கட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கிளெமென்ற் வந்தான். வந்தவன் நேரே அலுமாரியடிக்குப் போய்க் கதிரையில் ஏறினான்.

"கொன்ஸி, என்ர பவுடர் பேணி எங்க?"

கொன்ஸ்ரன்ஸ் நாக்கைக் கடித்தாள். அன்றைக்கு ஜிந்துப்பிட்டிக் கிளப்போடு மாட்ச் என்று அவன் கிழமை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தது இப்போதுதான் நினைவு வந்தது.

"அது பிறகு பாப்பம். நோன்பு திறக்கப் போறாங்கள், நேரம் போயிட்டுது. துணி போட்டு மூடின பூக்கிண்ணத்தைக் கொண்டுபோய் ராத்தாவிட்டக் குடுத்திட்டு வாங்கோ. ஓடுங்கோ!"

கிளெமென்ற் நல்ல மனுஷன். சொன்னதைச் செய்வான், சொல்லாததை யோசிக்க மாட்டான். மேசையில் துணி போட்டு மூடிய பூக்கிண்ணம் இருந்தது. எடுத்துக்கொண்டு கீழே போனான். கொடுத்துவிட்டு அப்படியே பவுடர் கடன் கேட்கக் கிளப்புக்கும் போய்விட்டான்.

மெல்வினைத் துடைத்துவிட்டு வந்த கொன்ஸ்ரன்ஸ் தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே, மணி கோத்த துணிக்குக் கீழே, புடிங் சாவகாசமாக இருந்தது.

அவள் மேசையைப் பார்த்தாள். மேசையில் கிண்ணம் இல்லை.

"டிலானி! கொழுகொழு எங்க?"

"அப்பா கீழ கொண்டுபோனவர். நான் நித்திரையாக்கி வச்சனான்."

கொன்ஸ்ரன்ஸ் பிரிட்ஜை மூடவும் மறந்தாள். ரோஸ் நிறம், ரோஸ் மணம், கசகசாவும் போட்டாயிற்று. கடற்பாசி இல்லையென்று யார் சொல்வார்கள்? நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காத வயிற்றில் பைண்டர் கம்மும் கெரம் பவுடரும்! ஆஸ்பத்திரி, பொலிஸ், மேல்வீட்டுத் தமிழர் கொடுத்த வெள்ளைத் தூள் என்று அவள் மனம் ஒரே பாய்ச்சலில் எங்கெங்கோ போய்விட்டது. வெளியே ஒழுங்கையில் தொப்பி போட்ட ஆட்கள் பள்ளிவாசலுக்கு விரைந்துகொண்டிருந்தார்கள். புடிங் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, செருப்பும் போடாமல், நனைந்த உடுப்போடு படியால் இறங்கி ஓடினாள். மாதாவே, ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் தா என்று படிக்குப் படி கெஞ்சினாள்.

கீழ்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. முன்னறையில் பாய் விரித்து நாலு பேரும் சுற்றி இருந்தார்கள். பேரீச்சம்பழம், கஞ்சி, பற்றிஸ், எல்லாவற்றுக்கும் நடுவில் பூக்கிண்ணத்தில் கொழுகொழு. மட்டமாக, பளபளவென்று, உண்மையான கடற்பாசி வெட்கப்படுகிற அழகோடு இருந்தது. அலவி நானாவின் கையில் ஒரு கரண்டி தயாராக இருந்தது.

"வாங்க தங்கச்சி, வாங்க" என்றார் அலவி நானா. "கடற்பாசி என்ன மாதிரி ஈக்கி! கலரைப் பாத்தாலே வயிறு குளுருது."

"நானா, அது..." என்று கொன்ஸ்ரன்ஸ் தொடங்கினாள். நீங்கள் நோன்பு திறக்க நான் கோந்து அனுப்பியிருக்கிறேன் என்று எந்த வாயால் சொல்வது? ஸாலிஹ் வாய்க்குள் தண்ணீர் வைத்திருப்பவன் மாதிரி உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தான். பாவம், முழு நோன்பு, தாகமாக்கும் என்று அவள் நினைத்தாள். பீபி தாயின் முந்தானைக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தாள்.

"இரு புள்ள" என்றாள் உம்மு குல்தூம், அவள் முகத்தைப் பார்க்காமலே. "பாங்கு செல்லட்டும்."

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம் எடுத்தார்கள். தண்ணீர் குடித்தார்கள். அலவி நானா 'அல்ஹம்துலில்லாஹ்' என்று சொல்லி, முழங்காலில் எழும்பி, கரண்டியோடு கிண்ணத்தை நோக்கிக் குனிந்தார்.

கொன்ஸ்ரன்ஸ் புடிங்கை நிலத்தில் வைத்துவிட்டுப் பாய்ந்தாள். கிண்ணத்துக்குள் கையை விட்டு மொத்தமாக அள்ளித் தூக்கினாள். அள்ளியது பாதிதான் வந்தது. மீதி கிண்ணத்தை விட மாட்டேன் என்றது. நடுவில் அது நீண்டு, நீண்டு, கஞ்சிக் கோப்பைகளுக்கு மேலே ரோஸ் நிறத் தொட்டில் மாதிரித் தொங்கி ஆடியது. அலவி நானாவின் கரண்டி காற்றிலேயே நின்றது. "லா இலாஹ இல்லல்லாஹ்" என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

முதலில் பீபியிடமிருந்து ஒரு களுக் சத்தம் வந்தது. பிறகு ஸாலிஹ் வெடித்தான். பிறகு உம்மு குல்தூம். ஐயோ, அவள் சிரித்த சிரிப்பு! முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, பாயில் கையால் அடித்து, கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள்.

"ஆன்ரி, நாங்க கிண்ணத்தைத் தொறந்த ஒடனேயே கொழுகொழு எண்டு உம்மாக்கிட்டச் செல்லின" என்றான் ஸாலிஹ். "உம்மாதான் வாயை மூடிக்கொண்டு ஈக்கச் செல்லின."

"எனக்கு ஏன் செல்ல இல்ல?" என்றார் அலவி நானா, கரண்டியை இன்னும் இறக்காமல்.

"ஒங்களுக்குச் செல்லினா ஒங்கட மூஞ்சி செல்லிப்போடும்" என்றாள் உம்மு குல்தூம். "நான் கரண்டியிலேயே கண்ணா ஈந்த. இவள் வராட்டி நான் தட்டியிருப்பேன்."

கொன்ஸ்ரன்ஸ் அள்ளியதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அது விரல்களுக்கிடையால் தன்பாட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. "ராத்தா, தெரிஞ்சும் ஏன்..." என்றாள்.

"பின்ன? ஒன்னைக் கீழ எறக்க எனக்கு வேறு வழி தெரிய இல்ல." உம்மு குல்தூம் கண்ணைத் துடைத்தாள். துடைத்த பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. "எத்தனை நாளாச்சி நீ என்ட வாசலுக்கு வந்து? போறதெண்டு முடிவெடுத்தா முகத்தைக்கூடக் காட்டக்கூடாதா?"

"போறதோ? எங்க போறது?"

"கனடாவுக்கு! பெரிய பெரிய சூட்கேஸ் ரெண்டு மேல ஏறிச்சே, நான் குருடா?"

"அது வலன்ரைன்ர, ராத்தா. அவன்தான் போனவன்."

"தம்பி எங்க எண்டு நான் கேட்டதுக்கு நீ என்ன செல்லின? வத்தளைக்குப் போன எண்டு செல்லின. இந்தா பக்கத்துல ஈக்கிற வத்தளைக்குப் போறவனுக்கு அவ்வளவு பெரிய சூட்கேஸா கொன்ஸி?"

கொன்ஸ்ரன்ஸ் தலையைக் குனிந்தாள். அப்படிச் சொன்னது உண்மைதான். அந்தக் காலத்தில் வெளிநாடு போகிறவர்கள் யாரும் வாய் திறப்பதில்லை. பிளேன் ஏறிப் பறக்கும்வரை சொந்தத் தாய்மாமனுக்கும் தெரியாது. சொன்னால் தடங்கல் வரும், கண் படும், யாராவது காட்டிக்கொடுப்பார்கள் என்று ஒரு பயம். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள், அவளும் செய்தாள். கேட்கிறவருக்கு நோகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

"ஒனக்கு முந்தி மேல றேமண்டும் பொண்டாட்டியும் ஈந்தாங்க" என்றாள் உம்மு குல்தூம். "எட்டு வருஷம். ஸாலிஹ் பொறக்கக்குள்ள அவள்தான் என்னோட ஆஸ்பத்திரியில நிண்டவள். ஒருநாள் பெருநாளைக்குப் புரியாணி எடுத்துக்கொண்டு ஏறின, கதவு பூட்டு. பூட்டின திறப்பு ஜன்னல்ல ஈந்திச்சு. நான் அந்த சஹன் தட்டோட படியிலயே குந்தின. நீயும் அப்படித்தான் போவா எண்டு நெனச்ச. இந்த வருஷம் ஒனக்குக் கஞ்சி தந்தா, அடுத்த வருஷம் கஞ்சி காய்ச்சக்குள்ள எனக்குத்தானே நெஞ்சை அடைக்கும்? அதான் அனுப்ப இல்ல. இவர் ஆளைக் கூட்டிவந்து வீட்டைக் காட்டினதுக்கும் நான் சண்டை புடிச்ச. இன்னும் அவள் போக இல்லையே எண்டு செல்லின."

கொன்ஸ்ரன்ஸுக்கு அழுகை வந்தது, மறைக்கவும் முடியவில்லை. இரண்டு கையிலும் கொழுகொழு. அந்த வருஷம் பொலிஸ், பாமஸிப் பையன், தரகர் என்று எல்லாரும் இவள் எப்போது போவாள் என்றே பார்ப்பதாக அவளுக்குப் பட்டிருந்தது. போய்விடுவாளோ என்று ஒருத்தி கீழே இருந்து பயந்துகொண்டிருந்தது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

"நீங்கதான் எங்களை வீட்டை விட்டு எழுப்பப் போறீங்க எண்டு நான் பயந்துகொண்டு இருந்தனான் ராத்தா" என்றாள்.

"நானா? ஒன்னையா?" உம்மு குல்தூம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அல்லாஹ்வே, இவளுக்குப் புத்தி ஈக்கா பாருங்க!"

அலவி நானா புடிங் கிண்ணத்தை எடுத்து, மோந்து பார்த்து, விரல் நுனியால் குத்தியும் பார்த்தார். இது இழுபடவில்லை என்று நிச்சயமான பிறகுதான் ஒரு கரண்டி எடுத்தார். மேலேயிருந்து டிலானியும் மெல்வினும் இறங்கி வந்துவிட்டார்கள். பாய் ஓரத்தில் கொழுகொழு மறுபடி நாலு பங்காயிற்று. ஸாலிஹ் தன் முழு நோன்பின் பெருமையை மறந்து ஒரு கையால் பற்றிஸைக் கடித்து மறுகையால் அதைப் பிசைய, கொன்ஸ்ரன்ஸ் அவனைப் பிடித்து இழுத்துப் போய்க் கை கழுவ வைத்தாள்.

அவள் திரும்பி வந்தபோது உம்மு குல்தூம் பீபியின் பங்கில் ஒரு துண்டைக் களவெடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"குளுராத்தான் ஈக்கி" என்றாள். "இதையா பின்னேரம் முழுக்கச் செஞ்ச? நானும் பாத்த, வீட்டுல சத்தமில்ல. போயிட்டாங்களோ எண்டு எழும்பி வந்து படியைப் பாத்த."

ராத்தா நித்திரை கொள்ளட்டும் என்று செய்த வேலை அவளை எழுப்பி விட்டிருக்கிறது. கொன்ஸ்ரன்ஸ் சிரித்துக்கொண்டே அவளுக்குப் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். உம்மு குல்தூம் கையைத் துடைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து ஒரு பெரிய கோப்பையில் கஞ்சி கொண்டுவந்து அவள் மடியருகே வைத்தாள். ஆவி முகத்தில் அடித்தது. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணத்தன.

கொன்ஸ்ரன்ஸ் ஒரு வாய் குடித்தாள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, உம்மு குல்தூமின் கையைப் பிடித்தாள்.

"நாங்க ஒரு இடமும் போகேல்ல ராத்தா. எப்பவாவது போறதெண்டாலும் உங்களுக்குச் சொல்லாமப் போக மாட்டன். சத்தியமா."

உம்மு குல்தூம் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கையை விடுவித்துக்கொள்ளவில்லை.

"செல்லிட்டும் போக வாணாம்" என்றாள்.